நகரில் பசுமைவெளிக்கு இடம் தேடுதல்: வரைபட மென்பொருளுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

நகரில் ஒரு பூங்காவுக்கோ சிறு மரத்தோப்புக்கோ இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் காலி நிலம் எங்கே கிடக்கிறது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அதற்குச் செயற்கைக்கோள் படம் உடனே விடை சொல்லிவிடும். ஆனால் அந்த விடை பெரும்பாலும் நகரின் விளிம்பையே காட்டும். காலி நிலம் மிஞ்சியிருப்பதும் அங்கேதான், ஏற்கெனவே மரமும் காற்றும் இருப்பதும் அங்கேதான். வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில் வாழ்பவருக்கு அந்த வரைபடத்தால் ஒரு பயனும் இல்லை. ஆகவே பசுமை யாருக்குத் தேவை என்பதற்கு ஒரு வரைபடமும், எந்த நிலம் அதற்கு ஏற்றது என்பதற்கு வேறொரு வரைபடமும் தனித்தனியே செய்துகொண்டு, கடைசியில்தான் இரண்டையும் இணைக்க வேண்டும். இக்கட்டுரை விளக்குவது அந்த முறையைத்தான்.

இதற்குக் கட்டண மென்பொருள் தேவையில்லை. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கி, இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்துவரும் கியூஜிஐஎஸ் என்னும் புவியியல் தகவல் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியிலேயே ஒரு நடுத்தர நகரத்தின் தரவை அது தாங்கும். தொடங்குமுன் ஓர் அடிப்படையை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். தரவுகள் இரண்டு வகைப்படும். புள்ளி, கோடு, பலகோணம் ஆகியவற்றால் சாலையையும் பூங்காவையும் வரைந்து காட்டுவது வெக்டர். நிலப்பரப்பைச் சிறு சிறு சதுரக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை வைத்திருப்பது ராஸ்டர். இடத் தேர்வின் கணக்குகளில் பெரும்பகுதி ராஸ்டரில் நடக்கிறது, ஏனெனில் ஒரே இடத்திலுள்ள கட்டங்களைக் கூட்டுவதும் பெருக்குவதும் எளிது. 1960களில் இயான் மெக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் ஒளி ஊடுருவும் தாள்களில் ஒவ்வொரு காரணியையும் சாயமாகத் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து இடம் தேர்ந்தார். கணினி இன்று செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான்.

கேள்வியை எழுதிக்கொள்ளுதல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எண்களோடு ஒரே வாக்கியமாக எழுதுங்கள். உதாரணமாக, "வீட்டிலிருந்து 300 மீட்டர் நடைக்குள் பொதுப் பசுமைவெளி இல்லாத மக்கள் அதிகம் வாழும் இடங்களுக்கு அருகில், அரை ஹெக்டேருக்குக் குறையாத நிலங்கள் எவை?" என்று எழுதலாம். இந்த எண்கள் கற்பனையானவை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டிலிருந்து நேர்கோட்டில் 300 மீட்டருக்குள் அரை முதல் ஒரு ஹெக்டேர் அளவுள்ள பொதுப் பசுமைவெளி இருப்பதை ஒரு பொது விதியாகச் சொல்கிறது. செசில் கோனைனன்டைக் என்ற நகர்ப்புற வனவியல் அறிஞர் 2021இல் முன்வைத்த 3-30-300 விதியிலும் அதே 300 மீட்டர் வருகிறது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்களாவது கண்ணில் பட வேண்டும், ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 30 சதவீத மரநிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா இருக்க வேண்டும். உங்கள் நகராட்சிக்கெனத் தனி அளவுகோல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எது பசுமைவெளி என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. கோல்ஃப் மைதானம் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய உறுப்பினர் அட்டை வேண்டும். பள்ளி மைதானமும் கல்லறைத் தோட்டமும் அப்படியே. இவற்றைக் கணக்கில் சேர்த்தால் பற்றாக்குறையே இல்லாத நகரமாக உங்கள் நகரம் தோன்றும். என் கருத்தில், நாள் முழுவதும் கட்டணமின்றி யாரும் நுழையக்கூடிய இடங்களை மட்டும் முதல் சுற்றில் சேர்ப்பதே நேர்மையானது.

தரவு சேகரிப்பு

சாலைகள், நடைபாதைகள், இருக்கும் பூங்காக்கள், நீர்நிலைகள், கட்டடங்கள் ஆகியவற்றை 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம்; கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலை நிறுவினால் நகரின் பெயரைக் கொடுத்தே பதிவிறக்கம் செய்துவிடலாம். அது தன்னார்வலர்கள் வரைந்த வரைபடம் என்பதால் சில பகுதிகளில் மிக நுணுக்கமாகவும் சில பகுதிகளில் வெறுமையாகவும் இருக்கும். வெறுமையாகத் தெரியும் இடத்தில் உண்மையிலேயே பூங்கா இல்லையா அல்லது யாரும் வரையவில்லையா என்பதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

தாவரப் பரப்பை அறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் சென்டினல்-2 படங்கள் போதுமானவை. முதல் செயற்கைக்கோள் 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. முக்கியமான நான்கு அலைப்பட்டைகளில், அதாவது ஒளியின் தனித்தனிப் பிரிவுகளில், ஒரு கட்டம் 10 மீட்டர். நிலத்தின் வெப்பநிலையை அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள் படங்களிலிருந்து பெறலாம். மக்கள்தொகைக்கு உங்கள் நகரின் வட்ட வாரியான கணக்கெடுப்புத் தரவு கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் வேர்ல்ட்பாப் என்ற ஆய்வுத் திட்டம் தரும் ஏறத்தாழ 100 மீட்டர் கட்ட மதிப்பீட்டைப் பயன்படுத்தலாம். அது பெரிய வட்டாரத்தின் தொகையைக் கட்டடம், சாலை போன்ற தடயங்களைக் கொண்டு பகிர்ந்தளித்த மதிப்பீடு என்பதால், தனியொரு கட்டத்தின் எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்; பல கட்டங்களைக் கூட்டிய தொகையே நம்பத் தகுந்தது.

நிலம் எவ்வளவு சரிவாக இருக்கிறது என்பதை அறிய, விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை அல்லது கோப்பர்நிக்கஸ் உயரத் தரவை எடுப்பது வழக்கம். இவை இரண்டும் 30 மீட்டர் கட்டம் கொண்டவை. அரை ஹெக்டேர் மனைக்குள் ஐந்தாறு கட்டங்கள்தாம் அடங்கும். மேலும் இவை மொட்டைமாடியையும் மரத்தலையையும் சேர்த்தே அளக்கின்றன என்பதால் அடுக்குமாடிக் கட்டடம் ஒரு குன்றைப் போலத் தெரியும். பெரிய மலைச்சரிவுகளை விலக்க மட்டும் இவற்றைப் பயன்படுத்தி, சிறு மனையின் சரிவை நேரில் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பானது.

எல்லா அடுக்குகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பதிவிறக்கிய தரவுகளில் பல, ஈபிஎஸ்ஜி 4326 என்ற குறியீட்டெண்ணால் குறிக்கப்படும் அட்சரேகை-தீர்க்கரேகை முறையில் இருக்கும். அதில் தூரத்தின் அலகு மீட்டர் அல்ல, டிகிரி. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். அந்த நிலையிலேயே "300" என்று தூரம் கொடுத்தால் மென்பொருள் 300 டிகிரி என்று எடுத்துக்கொண்டு உலகையே சுற்றி வட்டம் போட முயலும். ஆகவே எல்லா அடுக்குகளையும் தூரத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் உங்கள் நகரம் அமைந்திருக்கும் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உலகம் 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டல எண் 44 என்றால், வட அரைக்கோளத்தில் ஈபிஎஸ்ஜி எண் 32644, தென் அரைக்கோளத்தில் 32744. திரையில் அடுக்குகள் பொருந்தித் தெரிகின்றன என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கியூஜிஐஎஸ் காட்சிக்காகத் தானே பொருத்திக் காட்டுகிறது. கோப்பு பழைய முறையிலேயே இருக்கும்.

அடுத்து, எல்லா ராஸ்டர்களுக்கும் ஒரே எல்லையும் ஒரே கட்ட அளவும் கொடுங்கள். 10 மீட்டர் கட்டம் வசதியானது: ஒரு கட்டம் 100 சதுர மீட்டர், 50 கட்டங்கள் அரை ஹெக்டேர். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு 100 மீட்டர் கட்டத்தில் 80 பேர் என்றிருக்கும் மக்கள்தொகை ராஸ்டரை அப்படியே 10 மீட்டருக்கு மாற்றினால், உள்ளே உருவாகும் 100 சிறு கட்டங்களிலும் 80 என்றே பதிவாகி, 80 பேர் 8,000 பேராகிவிடுவார்கள். தலைக்கணக்குத் தரவை மாற்றும்போது கட்டப்பரப்பு எத்தனை மடங்கு சுருங்குகிறதோ அத்தனையால் வகுத்தாக வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நகரின் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் பிழை உடனே வெளிப்படும்.

பசுமையையும் வெப்பத்தையும் அளத்தல்

தாவரக் குறியீடு, அதாவது என்டிவிஐ, எளிய கணக்குதான். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகின்றன; ஆகவே அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் −1 முதல் +1 வரை ஓர் எண் கிடைக்கும். சென்டினல்-2இல் அவை முறையே 8ஆம் பட்டையும் 4ஆம் பட்டையும். அடர்ந்த மரங்கள் உயர்ந்த எண்ணையும், சாலையும் கூரையும் சுழியத்தை ஒட்டிய எண்ணையும், நீர் பெரும்பாலும் எதிர்மறை எண்ணையும் தரும். 2022 ஜனவரி இறுதியிலிருந்து வெளியான கோப்புகளில் ஒவ்வொரு பட்டை எண்ணோடும் 1,000 கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நேரடியாகப் பதிவிறக்கியவர்கள் அதைக் கழித்த பிறகே குறியீட்டைக் கணக்கிட வேண்டும். கழிக்காமல் விட்டால் வகுக்கும் எண் பெருத்து, மரங்கள் உள்ளதைவிட மெலிந்து தெரியும். பழைய படத்தோடு ஒப்பிடுபவர், இல்லாத காடழிப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

படம் எடுக்கப்பட்ட பருவம் இதைவிட முக்கியமானது. நான் முதன்முதலாகச் செய்த வரைபடத்தில், சமதளம், கட்டடம் இல்லை, பரப்பு பெரிது, பசுமை இல்லை என்று எல்லாத் தகுதிகளோடும் ஓரிடம் முதலிடத்தில் வந்து நின்றது. பெருமையோடு சென்று பார்த்தபோது அது கோடையில் வற்றிக் கிடந்த ஏரிப்படுகை. வறண்ட மாதத்துப் படம் ஒன்றை மட்டும் நம்பியதன் விளைவு. ஈரப் பருவத்தில் ஒன்றும் வறண்ட பருவத்தில் ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு படங்களை எடுத்து, எந்தப் பருவத்தில் நீர் நின்றாலும் அந்தக் கட்டத்தை நீர்நிலை என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்சாட்டின், லெவல்-2 எனப்படும் இரண்டாம் நிலைத் தரவில் வெப்பநிலைப் பட்டையின் எண்ணை 0.00341802ஆல் பெருக்கி 149ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும், 273.15ஐக் கழித்தால் செல்சியஸ். இது நிலப்பரப்பின் சூடு, நாம் சுவாசிக்கும் காற்றின் சூடு அல்ல. அதோடு செயற்கைக்கோள் கடப்பது முற்பகலில் என்பதால் இரவுப் புழுக்கம் இதில் தெரியாது. பகுதிகளைத் தம்முள் ஒப்பிட மட்டும் இதைக் கொள்ளலாம்.

தேவை வரைபடம்

தேவையைக் காட்ட மூன்று காரணிகள் போதும்: மக்கள் அடர்த்தி, அருகிலுள்ள பசுமைவெளிக்கு நடைதூரம், வெப்பம். முதியோர், குழந்தைகள் பற்றிய தரவு இருந்தால் சேர்க்கலாம். பத்துப் பன்னிரண்டு காரணிகளை அடுக்குவதால் வரைபடம் கனக்கிறதே தவிரத் தெளிவதில்லை.

நடைதூரத்தை நேர்கோட்டில் அளக்காமல் சாலை வலையமைப்பின் வழியே அளக்க வேண்டும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் 200 மீட்டரில் பூங்கா இருக்கலாம். கடக்கும் பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த வீட்டாருக்கு அது 200 மீட்டர் பூங்கா அல்ல. கியூஜிஐஎஸ்ஸின் வலையமைப்புப் பகுப்பாய்வுப் பகுதியில் உள்ள சர்வீஸ் ஏரியா என்ற கருவி, கொடுத்த புள்ளியிலிருந்து சாலை வழியே எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதைக் கோடுகளாகத் தரும். தொடக்கப் புள்ளியாகப் பூங்காவின் மையத்தை வைக்காதீர்கள், வாயில்களை வையுங்கள். பெரிய பூங்காவில் மையத்துக்கும் வாயிலுக்கும் இடையிலேயே 300 மீட்டர் தீர்ந்துபோகும். நான்கு பக்கமும் மதிலிருந்து ஒரே ஒரு வாயில் உள்ள பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களை இந்த அளவீட்டுக்குப் பிறகு பாருங்கள்: மதிலை ஒட்டிய வீடுகளே பூங்கா இல்லாத வீடுகளாக வரும். அங்கே புதிய நிலம் தேட வேண்டியதில்லை, மதிலில் இன்னொரு வாயிலைத் திறந்தாலே போதும்.

மதிப்பெண்ணும் எடையும்

மீட்டரையும் செல்சியஸையும் தலைக்கணக்கையும் நேரடியாகக் கூட்ட முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாக மாற்ற வேண்டும். ரீகிளாசிஃபை பை டேபிள் என்ற கருவி இதற்கானது. அதன் இயல்பு அமைப்பில் கீழ் எல்லை வகுப்புக்குள் சேராது, மேல் எல்லை சேரும். 0 முதல் 100 வரை என்று எழுதினால் சரியாக 0 என்றுள்ள கட்டம் எந்த வகுப்பிலும் விழாமல் பழைய எண்ணோடே நின்றுவிடும். முதல் வகுப்பின் கீழ் எல்லையை −1 என்று கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது.

எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பதை முடிவு செய்யத் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய இணை ஒப்பீட்டு முறை பரவலாகப் பயன்படுகிறது. காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். மக்கள் அடர்த்தி நடைதூரத்தைவிட 2 மடங்கும் வெப்பத்தைவிட 3 மடங்கும் முக்கியம், நடைதூரம் வெப்பத்தைவிட 2 மடங்கு முக்கியம் என்று கொடுத்தால், எடைகள் முறையே 0.54, 0.30, 0.16 என வரும். உங்கள் ஒப்பீடுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பதைக் காட்டும் இசைவு விகிதம் 0.1க்குள் இருக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் அது 0.01 அளவில்தான்.

இந்தத் தசமப் புள்ளிகளைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். முதல் இடத்துக்கு அடர்த்தி 5, நடைதூரம் 4, வெப்பம் 2. இரண்டாவதற்கு 3, 5, 5. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் மேற்கண்ட எடையால் பெருக்கிக் கூட்டினால் முதலாவதன் மதிப்பெண் 4.22, இரண்டாவதன் மதிப்பெண் 3.92. மூன்று காரணிகளுக்கும் சம எடை கொடுத்தாலோ முதலாவது 3.67க்கு இறங்கி, இரண்டாவது 4.33க்கு ஏறிவிடுகிறது. நிலமும் மக்களும் அப்படியே இருக்க, வரிசை மட்டும் தலைகீழாகிறது. இசைவு விகிதம் சொல்வது நீங்கள் முரணின்றி யோசித்தீர்கள் என்பதை மட்டுமே. சரியாக யோசித்தீர்கள் என்பதை அன்று. எடைகளை ஓர் அறைக்குள் ஒருவரே தீர்மானிக்காமல், அந்தப் பகுதி மக்களிடமும் கேட்பதும், இரண்டு மூன்று எடைத் தொகுப்புகளை ஓட்டிப் பார்த்து, எப்படி மாற்றினாலும் மேலேயே நிற்கும் இடங்களைத் தனியே குறித்துக்கொள்வதும் இதனால்தான் அவசியமாகின்றன.

பொருத்த வரைபடமும் இரண்டின் இணைப்பும்

நிலத்தின் பொருத்தத்தைப் பார்க்கும்போது முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்குங்கள்: கட்டடம், சாலை, நீர்நிலை, ரயில் பாதை, பாதுகாக்கப்பட்ட பகுதி, செங்குத்துச் சரிவு. இவற்றுக்கு 0, மற்றவற்றுக்கு 1 என்று ஒரு ராஸ்டர் செய்து, ராஸ்டர் கால்குலேட்டரில் மதிப்பெண்ணோடு பெருக்கினால் போதும். விலக்கை மதிப்பெண்ணாக வைக்கக் கூடாது. வைத்தால் மற்ற காரணிகளில் கிடைத்த நல்ல மதிப்பெண்கள் ஏரியையும் கரையேற்றிவிடும். மிஞ்சிய நிலத்துக்குச் சரிவு, சாலையை ஒட்டியிருத்தல், ஏற்கெனவே உள்ள மரங்கள் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பெண் கொடுக்கலாம். சரிவைக் கணக்கிடும் கருவி இயல்பாக டிகிரியில் விடை தரும். சக்கர நாற்காலி எளிதில் செல்லும் 5 சதவீதச் சரிவு என்பது 5 டிகிரி அன்று, சுமார் 2.9 டிகிரிதான்.

இனி இரண்டு வரைபடங்களையும் கட்டத்துக்குக் கட்டம் பெருக்கிவிடலாம் என்று தோன்றும். அது தவறு, காலி நிலத்தில் யாரும் வசிப்பதில்லை என்பதால் அந்தக் கட்டத்தின் தேவை மதிப்பெண் எப்போதும் குறைவாகவே இருக்கும். தேவை இருப்பது வீட்டுக் கட்டத்தில், இடம் இருப்பது வேறொரு கட்டத்தில். சரியான வழி இது: நல்ல மதிப்பெண் பெற்ற நிலக் கட்டங்களைப் பாலிகனைஸ் கருவியால் பலகோணங்களாக மாற்றுங்கள், அரை ஹெக்டேருக்குக் குறைந்தவற்றை நீக்குங்கள், எஞ்சிய ஒவ்வொன்றின் விளிம்பிலிருந்தும் சாலை வழியே 300 மீட்டர் நடை எல்லையை வரையுங்கள். கருவி தரும் கோடுகளைச் சற்று அகலப்படுத்தி, தெருவோர வீடுகளை உள்ளடக்கும் பரப்பாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த எல்லைக்குள், தற்போது பூங்கா எட்டாத மக்கள் எத்தனை பேர் என்பதை ஜோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவியால் கூட்டி, தேவை மதிப்பெண்ணின் சராசரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பட்டியலை மக்கள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு நிலமும் எத்தனை பேருக்குப் புதிதாகப் பயன்படும் என்பது எண்ணாகவே தெரியும். இந்த எண்ணை நகர்மன்றத்தில் உள்ள எவருக்கும் விளக்கலாம், 4.22 என்ற மதிப்பெண்ணை விளக்குவது கடினம்.

பரப்பு மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 10 மீட்டர் அகலமும் 500 மீட்டர் நீளமும் கொண்ட பட்டையும் அரை ஹெக்டேர்தான். அதன் சுற்றளவு 1,020 மீட்டர். அதே பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். பட்டை நடைபாதைத் தோப்புக்கு அருமையாக இருக்கும், குழந்தைகள் ஓடி விளையாட ஆகாது. இரண்டையும் வெவ்வேறு பட்டியலில் வையுங்கள்.

நேரில் சென்று பார்த்தல்

பட்டியலின் முதல் பத்து இடங்களுக்காவது நேரில் செல்ல வேண்டும். கியூஜிஐஎஸ் திட்டக் கோப்பைக் கைப்பேசியில் திறக்கும் கியூஃபீல்ட் செயலி இதற்குக் கைகொடுக்கும். நிற்கும் இடத்திலேயே குறிப்பும் புகைப்படமும் சேர்க்கலாம். நில உரிமை யாருடையது, நுழைய வழி உண்டா, அடியில் குழாயோ மின்கம்பியோ செல்கிறதா, முன்பு குப்பைக் கிடங்காகவோ பட்டறையாகவோ இருந்து மண் கெட்டிருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பன எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இல்லாத செய்திகள். வரைபடத்தில் காலி என்று தெரியும் இடத்தில் மாலை வேளையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். சிறுவர்கள் பந்தடிக்கும் திடலாகவோ, யாரோ துணி உலர்த்தும் இடமாகவோ, சிறு வியாபாரிகளின் பிழைப்பிடமாகவோ அது இருக்கலாம். அவர்களிடம் பேசாமல் அந்த இடத்தைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டாம்.

கண்டறிந்தவற்றை மீண்டும் அடுக்குகளில் பதிவு செய்து கணக்கை இன்னொரு முறை ஓட்டுங்கள். கருவிகளை மாடல் டிசைனரில் ஒரு தொடராகக் கோத்து வைத்திருந்தால் இது சில நிமிட வேலை. வெளியிடும் வரைபடத்தின் ஓரத்தில் படம் எடுக்கப்பட்ட தேதிகள், கட்ட அளவு, பயன்படுத்திய எடைகள், எது பசுமைவெளி என்று கொண்டீர்கள் என்பது ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். விலக்கிய இடங்களையும் காரணத்தோடு தனிக் கோப்பாக வைத்திருங்கள். ஈராண்டு கழித்து வேறொருவர் அதே ஏரிப்படுகையைச் சுட்டிக்காட்டி இது ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கும்போது அந்தக் கோப்பு தேவைப்படும்.